தேர்வு முடியும் தேதி

விடுதியில் காலை உணவோடு தரும் முட்டை எப்போதும் ஆறிப்போய்த்தான் இருக்கும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அறுநூறு பெண்களுக்கு முட்டை அவிக்கிறவர்கள் வேறென்ன செய்ய முடியும்? நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள், விடுதி இயக்குநர் அம்மா. முதல் என்று யோசித்தால் எனக்கு அந்த முட்டைதான் நினைவுக்கு வருகிறது.

என் பெயர் இன்ஸாஃப். அறிவியல் கல்லூரி, முதலாண்டு, அறை எண் இருநூற்றுப் பதினான்கு. எங்கள் வீட்டில் ஆறு பெண்கள். நான் மூத்தவள். ஒரே அறையில் வரிசையாகப் படுப்போம். இரண்டு பக்கமும் யாராவது மூச்சு விடுகிற சத்தம் இல்லாமல் நான் தூங்கியதே கிடையாது. விடுதிக்கு வந்த பிறகுதான் தனிக் கட்டில் எவ்வளவு அகலமானது என்று தெரிந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் பெண்கள் ஊர் ஊராக உட்காருவார்கள். ஸோஹாக் பெண்கள் ஒரு மேசை, மின்யா பெண்கள் ஒரு மேசை. எங்கள் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என் தட்டை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பும் அப்படித்தான். எழுநூறு பேர் உட்காரும் கூடத்தில் விடியும் முன்பே நோட்டுப் புத்தகத்தைப் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினேன். பேராசிரியர் ஒலிபெருக்கியில் பேசுவார், யாரையும் பார்க்கமாட்டார். முதல் பத்தொன்பது நாட்களில் வருகைப் பதிவுக்குத் தவிர வேறு எதற்காகவும் யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபதாம் நாள் விதாத் வந்தாள். செங்கடல் கரையில் குஸைர் அவள் ஊர். சேர்க்கைத் தாள் தாமதமாகக் கிடைத்ததாம். கயிறு கட்டிய அட்டைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்து நின்றாள். பெட்டியில் கருவாடு. எங்கள் அறையில் மூன்றாவதாக இருந்த நவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லாஹ், இது பெட்டியாடி, படகா? அந்த ஜன்னலத் தொறங்க, மீனெல்லாம் நீந்தி வெளிய போகட்டும்."

"நீந்தாது, காஞ்சு போச்சு" என்றாள் விதாத். "பல்லு நல்லா இருந்தா கடிச்சுப் பாரு."

நவால் சிரித்துவிட்டாள். விதாத் என் பக்கம் திரும்பி, "உன் பேரு என்ன? சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அந்த வரிசையில்தான் கேட்டாள்.

மறுநாள் காலை என் முட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஓட்டோடு எடுத்துத் தன் தேநீர்க் கண்ணாடிக் குவளைக்குள் போட்டாள். "கொஞ்சம் பொறு, சூடாயிரும்." முட்டை சூடானதும் எடுத்துத் துடைத்து என்னிடம் தந்துவிட்டு, அந்தத் தேநீரை அவளே குடித்தாள். நான் இறைநம்பிக்கை உள்ள பெண். இறைவன் மனிதர்களைக் கவனித்துக்கொள்வது இப்படிப்பட்ட சின்னச் சின்னக் காரியங்கள் வழியாகத்தான் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அதே மாதிரியான சின்னக் காரியங்கள்தான். நீங்கள் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விதாத்துக்குக் கல்லூரி பழகவில்லை. அவளுக்குத் தாய் இல்லை. தந்தை, பழைய படகுக்காரர். ஸப்ரி என்று ஒரு அண்ணன். வகுப்பிலிருந்து வந்தால் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். "இங்க எங்க நின்னாலும் கடல் தெரியல இன்ஸாஃப். ஒருநாள் வீட்டுக்குப் போனேன்னு வையி, திரும்ப வரவே மாட்டேன்" என்பாள். அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை ஊருக்குப் போகப் பையைக் கட்டினாள். பேருந்து எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டாள். ஒரு மணிக்குப் புறப்படும் பேருந்து. நான் இரண்டு மணி என்றேன். நிலையத்திலிருந்து திரும்பி வந்து அழுதாள். நான் அவளுக்குத் தலைவாரிவிட்டேன். அடுத்த மாதமும் ஒருமுறை அப்படி ஆனது. டிசம்பர் நடுவில் அழுவதை நிறுத்திவிட்டாள். வேதியியலில் எனக்கே பாடம் சொல்லித் தரும் அளவுக்கு வந்துவிட்டாள். இதில் என் பங்கு கொஞ்சம் உண்டு என்று சொன்னால் தற்பெருமையாகாது என்று நினைக்கிறேன்.

நவாலின் மாமா இறந்த விஷயத்தையும் சொல்ல வேண்டும். நவம்பர் மாதம் அவர் காலமானார். நவாலுக்கு அப்போது உள்தேர்வு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் அவளிடம் சொல்லவில்லை. வழக்கம்போல வீட்டிலிருந்து வறுத்த வாத்தும், வெயிலில் பொங்கவைத்துச் சுட்ட ரொட்டியும் வந்தன. அந்த வாரம் வாத்து கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. தேர்வு முடிந்து போனபோதுதான் தாய் கறுப்பு உடுத்தியிருப்பதைப் பார்த்தாளாம். திரும்பி வந்து இரண்டு நாள் அழுதாள். பிறகு, "சொல்லியிருந்தா ஒரு பேப்பர்கூட எழுதியிருக்க மாட்டேன். உம்மா செஞ்சது சரிதான்" என்றாள். விடுதியில் எல்லோரும் ஆமாம் என்றார்கள். நீங்களும் இந்த ஊர்க்காரர். படிக்கிற பிள்ளையிடம் தேர்வு நேரத்தில் துக்கச் செய்தி சொல்லக்கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான்.

நவம்பரிலிருந்தே காப்பாளர் தௌஹீதா அக்காவின் அறையில் பொழுது சாயும் மஃரிப் தொழுகை நேரத்தில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டது நான்தான். அறுநூறு பேருக்கும் அந்த ஒரு தொலைபேசி. "நீ பொறுமையான பொண்ணு. நான் தொழுதுட்டு வர்ற வரைக்கும் இங்க உக்காரு, யாரு கூப்புட்டாலும் நோட்டுல எழுதி வையி" என்று சாவியைத் தந்துவிட்டுப் போவார். அவர் பேரில் எந்தத் தப்பும் இல்லை. என்னை நம்பியது தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை.

டிசம்பர் முப்பதாம் தேதி மாலை ஸப்ரி கூப்பிட்டார். குஸைர் தொலைபேசி நிலையத்திலிருந்து, பின்னால் யாரோ சத்தம் போட, கத்திப் பேசினார்.

"விதாத்தோட ரூம் புள்ளையா? நல்லதாப் போச்சும்மா. வாப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துருச்சு. பேச்சு மட்டும் இருக்கு. அவளத்தான் கேக்குறாரு. நாளைக்கு பஸ்ஸுக்கே ஏத்தி விட்டுரும்மா."

சரி என்றேன். தேர்வு ஜனவரி நான்காம் தேதி தொடங்குகிறது. போனால் தேர்வு எழுதமாட்டாள். எழுதாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். தந்தை படுக்கையில் இருக்கிற வீட்டில் பெண்ணைத் திருப்பி அனுப்புவார்களா? இதையெல்லாம் யோசித்தேன். அவசரப்பட்டு முடிவெடுக்கவில்லை. கை கால் கழுவி உளூச் செய்து, வழிகாட்டச் சொல்லி இறைவனிடம் கேட்கும் தொழுகை இரண்டு ரக்அத் தொழுதேன். மனம் லேசாகிவிட்டது. படுத்ததும் தூங்கிவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் விதாத் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

நவாலின் வீட்டில் முடிவெடுத்தது தாய். இங்கே முடிவெடுத்தது நான். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஜனவரி இரண்டில் மறுபடியும் கூப்பிட்டார். அவளிடம் சொல்லிவிட்டேன், பரீட்சை முடிந்து வருகிறேன் என்கிறாள் என்றேன். "அவளா அப்படிச் சொன்னா?" என்றார். ஆமாம் என்றேன். எப்போதும் மஃரிபுக்கே கூப்பிடுங்கள், மற்ற நேரம் இணைப்புக் கிடைக்காது என்றும் சொல்லிவைத்தேன். துறைமுகத்தில் வேலை முடிந்து வருகிறவருக்கு அதுதான் வசதி.

ஆறாம் தேதி அவர் குரல் மாறியிருந்தது. "அவளக் கூப்புடும்மா. நானே பேசிக்கிறேன்." நான் பேசும் குழாயை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடைக்குப் போனேன். அங்கே அறிவிப்புப் பலகையில் சலவை அறைக்கான விதிகள் ஒட்டியிருந்தன. ஒன்பது விதிகளையும் படித்தேன். திரும்பி வந்து, "வரமாட்டேங்குறா அண்ணே. உங்க குரலக் கேட்டா தாங்கமாட்டாளாம்" என்றேன்.

"எங்க வாப்பா தாங்குவாராமா?" என்றார் ஸப்ரி. பிறகு, "உன்னச் சொல்லி என்னம்மா பண்றது. நீ நல்லாப் படி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதே வாரம் விதாத், "ஸப்ரி போனே பண்ணல பாத்தியா? கல்யாணப் பேச்சு எதாவது நடக்குதோ என்னவோ, தங்கச்சிய மறந்துட்டான்" என்று சிரித்தாள். நான் பாலைவனச் சாலையில் மழை, கம்பிகள் அறுந்துவிட்டன என்றேன். அவள் ஒரு கடிதம் எழுதி என்னிடம் தபாலில் போடத் தந்தாள். அதை நான் போடவில்லை. இந்தத் தாளோடு இணைத்திருக்கிறேன். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது, பாருங்கள். பிறர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பதினோராம் தேதிதான் எனக்குக் கொஞ்சம் கடினமாக இருந்தது. ஸப்ரி கோபமாக இல்லை. களைத்திருந்தார்.

"வாப்பா அவ மேல வருத்தமெல்லாம் படல. 'புள்ள படிக்கட்டும், நான்தான் படிக்கல'ன்னாரு. கடைசிப் பரீட்சை என்னைக்குன்னு மட்டும் கேக்கச் சொன்னாரு. டாக்டரு பத்து நாள்னு கை விரிச்சுட்டாரு. இவரு என்னடான்னா, ஒரு தேதியச் சொல்லுங்க, அதுவரைக்கும் புடிச்சுக்கிட்டுக் கெடப்பேங்கிறாரு. படகுக்காரன் புத்தி."

தேர்வு முடிவது இருபத்தைந்தாம் தேதி. பதினான்கு நாள் என்று எப்படிச் சொல்வது? அவருக்குக் காத்திருப்பு குறையட்டும் என்று இருபது என்று சொன்னேன். உடல்நிலை சரியில்லாத ஒருவருக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

"இருபது. இன்ஷா அல்லாஹ்" என்றார் ஸப்ரி. "வாப்பா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னாரு. போனுக்கு ஒவ்வொரு தடவையும் ஓடி வர்ற புள்ளைக்கு அல்லாஹ் நல்லது செய்யட்டும்னாரு. உனக்குக் கருவாடு பிடிக்குமாமே, முன்னாடி ஒரு கடுதாசில விதாத் எழுதியிருந்தா. ஒரு பொட்டலம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்காரு."

இருபதாம் தேதி எங்களுக்கு இயற்பியல் செய்முறைத் தேர்வு. விதாத் நன்றாகச் செய்தாள். அன்று மாலை ஸப்ரி கூப்பிட்டார். பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்கு வரும் பேருந்துக்காகத் தந்தைக்குச் சவரம் செய்து, வெள்ளை அங்கி போட்டு, நாற்காலியில் தூக்கி வைத்து வாசலில் உட்காரவைத்தார்களாம். பேருந்து வந்ததாம்.

"அவ வரலம்மா."

"தேதி தள்ளிப் போயிருச்சு அண்ணே" என்றேன்.

"உள்ள வாங்கன்னா வரமாட்டேங்குறாரு. இன்னொரு பஸ்ஸு இருக்கும்னு உக்காந்துருக்காரு. இன்னொரு பஸ்ஸு கெடையாது. நாப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்காரு, அவருக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு ஸப்ரி வைத்துவிட்டார்.

இருபத்திரண்டாம் தேதி அழைப்பு சிறியது. விடிகாலை சுபுஹுக்கு முன்னால் இறந்துவிட்டார், மதியம் லுஹருக்கு அடக்கம் செய்துவிட்டோம், அவளுக்கு நேரம் இருந்தால் வரச் சொல் என்றார். காப்பாளர் அறைக் குறிப்பேட்டில் ஆறு இடங்களில் 'தவறான எண்' என்று எழுதியிருப்பது என் கையெழுத்துத்தான். தௌஹீதா அக்காவை அது பற்றிக் கேட்க வேண்டாம்.

இருபத்தைந்தாம் தேதி கடைசித் தாள் எழுதிவிட்டு வந்தோம். நான் பஸ்பூஸா இனிப்பு வாங்கிவைத்திருந்தேன். காலையில் சாப்பிடாமல் எடுத்துவைத்த அவள் முட்டையைத் தேநீரில் போட்டுச் சூடாக்கினேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு, வீட்டிலிருந்து இப்போதுதான் தொலைபேசி வந்தது என்று தொடங்கிச் சொன்னேன். அவள் கத்தவில்லை. எழுந்து குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "இன்னைக்குப் பாத்து" என்று மட்டும் சொன்னாள். என் சால்வையைப் போர்த்தி அனுப்பினேன். இந்தமுறை பேருந்து நேரத்தைச் சரியாகச் சொன்னேன்.

அங்கே நடந்ததை அவளுடைய பெரியப்பா போன வாரம் உங்கள் அறையில் சொன்னபோது நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், கேட்டது. வாசலில் ஸப்ரி அவளைப் பார்த்து, "பரீட்சை நல்லா எழுதினியா?" என்று கேட்டாராம். உறவுப் பெண்கள் யாரும் எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளவில்லையாம். எனக்கு எதுவுமே தெரியாது, யாரும் சொல்லவில்லை என்று அவள் அழுதபோது, பொய்யும் சொல்லப் பழகிவிட்டாளே என்றாராம் பெரியப்பா. அந்த ஊரில் இன்றுவரை அவள், தந்தை கூப்பிட்டும் வராதவள். அவள் சொல்வது உண்மையா என்று பார்த்துவிடலாம் என்றுதான் அவர் இவ்வளவு தூரம் வந்தார். அதனால்தான் என்னிடம் எழுதிக் கேட்கிறீர்கள் என்றும் புரிகிறது.

எனவே தெளிவாகவே எழுதுகிறேன். விதாத்துக்கு எதுவும் தெரியாது. ஆறு அழைப்பில் ஒன்றுகூட அவளிடம் போய்ச் சேரவில்லை. வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நான் சொன்னேன். அவளுடைய தந்தை இருபத்து மூன்று நாள் அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எந்த நாளில் சொல்லியிருந்தாலும் அவள் அன்றே போயிருப்பாள். அது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை. அவள் போய்விட்டால் சாப்பாட்டுக் கூடத்தில் என் தட்டை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது. இதை ஸப்ரி அண்ணனுக்கும், வாசலில் எழுந்திருக்காத பெண்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

இரண்டு சின்ன விஷயங்கள் மட்டும். பெரியப்பா கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலம் உங்கள் மேசைமேலேயே இருக்கிறது. விசாரணை முடிந்ததும் அதைத் தந்துவிட்டால் நல்லது. அதன் மேலே 'போனுக்கு ஓடி வரும் பிள்ளைக்கு' என்று எழுதியிருக்கிறது. அது என்னைத்தான் குறிக்கிறது.

இன்னொன்று, தேர்வு முடிவு வந்துவிட்டது. விதாத் எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள், வேதியியலில் மிக நன்று. இதை யாரும் பேசுவதில்லை. நான் மதிப்பெண்களை அழகாகப் பிரதி எடுத்து, ஜன்னலோரக் கட்டிலை அவளுக்காக வைத்திருப்பதாகவும், வியாழன்தோறும் விரிப்பை மாற்றுவதாகவும் எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன். மூன்று வாரமாகியும் பதில் வரவில்லை. ஒவ்வொரு மஃரிபுக்கும் காப்பாளர் அறை வாசலில் போய் நிற்கிறேன், தொலைபேசியும் அவளுக்காக அடிக்கவில்லை. குளிர்காலம் இன்னும் முடியவில்லை அல்லவா, அந்தப் பாலைவனச் சாலையில் மழை பெய்தால் கம்பிகள் அறுந்துவிடும்.